கணக்கில் விட்டுப்போன டைலர் மாமா

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. முப்பத்து நாலு வயதானவளைப் பாப்பா என்று கூப்பிடலாமா என்று கேட்காதே, வேறு பெயர் வாயில் வரவில்லை. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் கொஞ்சம் கோபமாக இருக்கிறது, காரணம் பின்னால் சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வந்திருக்கும். அதைப் பார்த்ததும் அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயப்படாதே. சனிக்கிழமைதோறும் நூலகத்தில் அச்சுப்படம் எடுக்கச் சொல்லித்தருகிறார்கள் என்று சொன்னேன் இல்லையா, அதன் விளைவு அது. டீச்சருக்கு உன் வயதுதான் இருக்கும். முதல் நாளே பக்கத்துப் பெஞ்சுக்காரருக்கு நான் பாடம் எடுத்தேன் என்று என்னை இடம் மாற்றி உட்கார வைத்துவிட்டாள். முப்பத்தைந்து வருஷ வாத்தியார் வேலையில் நான் எத்தனை பேரை அப்படி மாற்றியிருப்பேன், வாயை மூடிக்கொண்டு எழுந்து போனேன். கை பழகியதும் உன் அம்மா ஸ்கூட்டர் ஓட்டுகிற மாதிரியும், பின்சீட்டில் நான் ஒருபக்கமாக உட்கார்ந்து குடை பிடிக்கிற மாதிரியும் ஒரு படம் வரைந்தேன். ஏன் ஒருபக்கமாக என்று அம்மாவும் கேட்டாள். நேராகப் பார்க்கிற முகம்தான் எனக்கு வரைய வரும், வேறொன்றுமில்லை.

முறையைச் சொல்கிறேன், உனக்கு இனி தேவைப்படும். தரையில் ஒட்டுகிற விரிப்பு மாதிரி ஒரு தகடு, லினோ என்கிறார்கள். அதன்மேல் படத்தை வரைந்து, எங்கே மை படக்கூடாதோ அந்த இடத்தைச் சின்ன உளியால் செதுக்கி எடுக்க வேண்டும். செதுக்கிய பள்ளத்தில் மை ஏறாது, மேடாக நிற்கிற இடம்தான் தாளில் விழும். ரப்பர் ஸ்டாம்ப் எப்படியோ அப்படி. மூன்று நிறம் வேண்டுமென்றால் மூன்று தகடு வேண்டாம், ஒன்றே போதும். வெள்ளையாக இருக்க வேண்டியதை முதலில் செதுக்கிவிட்டு எல்லாத் தாளிலும் மஞ்சள் அடி. அப்புறம் மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடத்தைச் செதுக்கிவிட்டு அதே தாள்களில் சிவப்பு அடி. சிவப்பாக நிற்க வேண்டியதையும் செதுக்கிவிட்டுக் கடைசியாகக் கறுப்பு. கரும்பலகையில் ஒவ்வொரு வரியாக அழித்துக்கொண்டே கணக்கைப் போடுகிற மாதிரி, விடை வரும்போது முதல் வரி இருக்காது. அதனால் மஞ்சள் அடிக்கும்போதே எத்தனை பிரதி என்று முடிவு செய்துவிட வேண்டும், பிறகு இன்னொன்று கேட்டால் கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது. டீச்சர் இதை மூன்று தடவை சொன்னாள். நானும் தலையை ஆட்டினேன்.

ஒன்பது என்று முடிவு செய்தேன். உறவில் ஏழு வீடு, உனக்கு ஒன்று, நமக்கு ஒன்று. அம்மாவின் துணிக்கொடியில் கிளிப் போட்டு வாரக்கணக்கில் காயவைத்தேன், அந்த நாட்களில் எங்கள் துணியெல்லாம் நாற்காலி முதுகில் காய்ந்தது. சிவப்பு அடிக்கும்போது ஒரு தாள் நழுவி, அம்மாவின் புடவை அவளை விட்டுவிட்டுக் குடைமேல் போய் விழுந்தது. அதை நமக்கென்று ஒதுக்கினேன். எல்லாம் காய்ந்ததும் ஓரம் வெட்ட வேண்டும். கத்தரி பிடிப்பதில் அம்மாவின் தம்பி, நம் மாடியறை டைலர் மாமாவை விட்டால் யார்? மாமாவும் ஒன்பது தாளையும் நூல் பிடித்த மாதிரி வெட்டி, அடுக்கி, தட்டி நேராக்கிக் கொடுத்துவிட்டு நின்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா, எந்தப் படம் யாருக்கு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்டி, ரொம்ப நன்றி என்று அனுப்பிவைத்தேன்.

மறுநாளிலிருந்து மாமா சாப்பிடக் கீழே வரவில்லை. பசியில்லையாம். அம்மா மூன்று வேளையும் தட்டை எடுத்துக்கொண்டு இருபத்திரண்டு படி ஏறினாள், முழங்காலின் கோபம் அங்கே ஆரம்பித்ததுதான். அந்த ஸ்கூட்டரை அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவள் தம்பிதான், பின்னாலேயே ஓடி ஓடி அவர் செருப்புத் தேய்ந்தது என்பதை மூன்றாம் நாள் எனக்கு நினைவூட்டினாள். வாழ்நாள் முழுக்கக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷனுக்குப் பத்து வரைக்கும் எண்ணத் தெரியவில்லையே என்றாள். அதற்குள் ஏழும் தபாலில் போய்விட்டன. மிச்சமிருந்தது உன்னுடையதும், புடவை பறந்ததும். தம்பிக்குப் பாப்பாவுடையதைக் கொடுங்கள், அவளுக்குத் தகட்டை அனுப்பினால் அவளே எடுத்துக்கொள்வாள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தகட்டில் கறுப்பு மட்டும்தான் மிச்சம் என்று எத்தனை சொல்லியும் புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள விருப்பமில்லை.

உன் படத்தை எடுத்துக்கொண்டு படியேறினேன். மாமா தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. உள்ளதைச் சொன்னேன். வீடு வீடாகத்தான் எண்ணினேன், உங்களை நம் வீட்டுக்குள்ளேயே சேர்த்து எண்ணிவிட்டேன், வெளியே இருப்பவர்களுக்குத்தானே அனுப்ப வேண்டும் என்று தோன்றிவிட்டது என்றேன். அவர் எண்ணெய்க் குப்பியை மூடி வைத்துவிட்டு, “அப்ப என்னை வெளியாளா நினைச்சிருந்தா அன்னைக்கே ஒண்ணு கிடைச்சிருக்கும்” என்றார். எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்தார், பார்த்தார், அப்புறம் தோள் குலுங்க ஆரம்பித்தது. “அத்தான், பொம்பளைச் சட்டையைப் போட்டுக்கிட்டா அக்கா பின்னாடி போறீங்க?”

அச்சில் எல்லாம் இடம் வலம் மாறிவிடும் பாப்பா, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. நான் சட்டையை உள்ளபடியே தகட்டில் வரைந்திருந்தேன், தாளில் பட்டன் பட்டி மறுபக்கம், பெண்கள் சட்டைக்கு இருக்கிற பக்கம் போய்விட்டது. ஏழு வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை, டைலர் கண்ணுக்குத் தப்புமா. அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்து, இதையே மூன்று தடவை சொல்லிச் சிரித்தார். அம்மாவும் கூடச் சேர்ந்துகொண்டாள்.

ஆகவே உனக்குத் தகடு. கண்ணாடித் துண்டின்மேல் கொஞ்சமாக மை வைத்து ரோலரால் உருட்டு. ஒட்டிய டேப்பை மெல்லப் பிரிக்கிற மாதிரி சத்தம் கேட்டால் மை பதம். தகட்டில் பூசி, தாளைப் போட்டு, கரண்டியின் முதுகால் வட்டம் வட்டமாகத் தேய். ஒரு மூலையைத் தூக்கிப் பார், பிடிக்கவில்லையென்றால் இன்னும் தேய், அவசரப்பட்டு முழுதும் தூக்காதே. உனக்கு வரப்போவது இரண்டு சக்கரம், ஒரு குடை, அம்மாவின் கொண்டை, என் மூக்குக்கண்ணாடி, ஐந்து பட்டன் மட்டும்தான். ஆளில்லாத வண்டியில் கொண்டையும் கண்ணாடியும் சவாரி போகும். மிச்சத்துக்கு நீயே வர்ணம் தீட்டிக்கொள். மற்றவர்களுக்கு ஆளுக்கொன்றுதான், உனக்கு மட்டும் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். மேலும் செதுக்கத் தோன்றினால் தகட்டைக் கொஞ்ச நேரம் வெயிலில் வை, இளகும். உளிக்கு முன்னால் மட்டும் கையை வைக்காதே, என் கட்டைவிரலில் இன்னும் பிளாஸ்திரி இருக்கிறது.

இருவரும் எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். அம்மா முத்தம் அனுப்புகிறாள். தகடு வந்த துணிப்பையைத் தூக்கிப் போட்டுவிடாதே. மாமா தைத்தது, படத்துக்காக நான் பார்த்து வரைந்த என் நீலச் சட்டையை என்னைக் கேட்காமலே வெட்டித் தைத்திருக்கிறார். பட்டன் பட்டி அப்படியே இருக்கும். ஆம்பளைச் சட்டைக்குப் பட்டன் எந்தப் பக்கம் என்று உன் தலைமுறையாவது தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

இப்படிக்கு,
மாற்றுச் சட்டை ஒன்று குறைந்த உன் அப்பா