மனம் கலங்கினால் பால் கெடும்

லண்டன்,
12 ஏப்ரல் 1858

அன்புள்ள டார்கஸ் அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். தார்ன்பரி அம்மாளின் மகன் ஆர்தருக்கு வேளை தவறாமல் பால் கொடுக்கிறேன். பால் ஊற வேண்டுமென்று எனக்கு மாட்டுக்கறியும் கறுப்பு பீரும் தருகிறார்கள். அம்மாள் மாலைத் தேநீருக்குப் பிறகு கால் மணி நேரம் மாடிக்கு வந்து மகனைப் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் ஏழைத் தாய்மார் சங்க வேலை.

அவன் பால் மறக்கும்வரை நான் ஊருக்கு வரக் கூடாதாம். என் புருஷன் ஏனோக் சாகாமல் இருந்திருந்தால் கைக்குழந்தை லெட்டியை உன்னிடம் விட்டுவிட்டு இங்கே வந்திருப்பேனா? அவள் இரவெல்லாம் அழுகிறாள் என்று எழுதியிருந்தாயே, அதை அம்மாளிடம் சொன்னேன். டாக்டர் கொடுத்த தூக்க மருந்தில் ஒரு புட்டி தந்தார். நல்ல மனசு. அனுப்பியிருக்கிறேன்.

உன் தங்கை,
ஹெஸ்டர்

*

பிரெஸ்டன்,
20 ஏப்ரல்

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

புட்டி வந்தது. உன் அத்தான் ஜாப் இருமலோடு படுத்துக்கொண்டே, "மாட்டுக்கறி தின்கிற சீமாட்டி நம்மளை மறக்கல பாரு" என்கிறார். நீ அனுப்பும் பணத்தில்தான் அடுப்பு எரிகிறது. உன் மகளுக்கு ரொட்டிக் கூழும் தண்ணீர்ப் பாலும்தான் கொடுக்க முடிகிறது. துணி வெளுக்கப் போகும்போது, தெருவில் எல்லோரும் செய்வதுபோல், கடை மருந்து ஒரு கரண்டி கொடுத்துத் தூங்க வைக்கிறேன். அது தீர்ந்ததும் உன் புட்டியைத் திறப்பேன்.

டார்கஸ்

*

லண்டன்,
2 மே

அக்கா,

அவசரம். அந்த மருந்தைக் கரண்டியால் கொடுக்காதே. ஆர்தருக்குப் பல் முளைக்கிற வலி என்று இன்று இந்த வீட்டு நர்ஸ் அதை மூன்றே சொட்டு எண்ணி விட்டாள். "கரண்டி கணக்குல குடுத்தா குழந்தை முழிக்காது" என்றாள். புட்டியைத் தந்தபோது அம்மாள் இதைச் சொல்லவே இல்லை. நான்தான் கேட்டேனா?

ஒரு நாள் லீவு கேட்டேன். "மனசு கலங்கினா பால் கெட்டுப்போகும் ஹெஸ்டர். ஒரு தாய்க்கு இது தெரிய வேண்டாமா?" என்றார். லெட்டி நலம் என்று ஒரு வரி உடனே எழுது.

ஹெஸ்டர்

*

பிரெஸ்டன்,
12 மே

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

கடிதம் வந்தது. புட்டியைக் கொட்டிவிட்டேன். லெட்டி நலம். கீழே ஒரு பல் முளைத்திருக்கிறது. கவலைப்படாதே.

டார்கஸ்

*

லண்டன்,
2 நவம்பர்

அன்பான அக்கா,

ஆர்தர் பால் மறந்துவிட்டான். சனிக்கிழமை ரயிலில் வருகிறேன்! லெட்டிக்கு இப்போது நடை வந்திருக்குமே. என்னைத் தெரியாமல் உன் பாவாடைக்குள் ஒளிந்துகொள்வாளோ? ஒளியட்டும், பழக்கிக்கொள்கிறேன்.

ஹெஸ்டர்

*

பிரெஸ்டன்,
4 நவம்பர்

ஹெஸ்டர்,

நீ ரயில் ஏறும் முன் இதைச் சொல்லியாக வேண்டும். லெட்டி மே மாதம் இரண்டாம் தேதியே போய்விட்டாள். கடை மருந்தில் பாதி தண்ணீர். அதே பழக்கத்தில் உன் புட்டியிலிருந்தும் ஒரு கரண்டி கொடுத்துவிட்டேன். சாயங்காலம் எழுப்பினேன், எழவில்லை. உன் கடிதம் மறுநாள் வந்தது. பொதுக்குழியில் போட விடவில்லை. நம் அம்மாவின் குழியிலேயே வைத்தோம்.

உன்னிடம் நேரில் சொல்லும்படி தார்ன்பரி அம்மாளுக்கு எழுதினேன். பிள்ளை பால் மறக்கும்வரை மறைத்துவிடு, இல்லையென்றால் வேலை போகும் என்று பதில் எழுதினார். எனக்கும் பயம். நீ ஓடி வந்துவிட்டால் ஜாபும் நானும் என் மூன்று பிள்ளைகளும் என்ன ஆவோம்? அந்தப் பல், அப்புறம் ஆறு மாதமாக எழுதியதெல்லாம், நானாக எழுதியது. என்னை அடி. ஆனால் வீட்டுக்கு வா.

டார்கஸ்

*

லண்டன்,
9 நவம்பர்

அக்கா,

அம்மாளைக் கேட்டேன். "உன் நல்லதுக்குத்தான் மறைச்சேன்" என்றார். சங்கத்தில் தாயின் கடமை பற்றிப் பேசக் கிளம்பிக்கொண்டிருந்தார். நிதானமான பெண், நல்ல பால் என்று எனக்கு நற்சான்று எழுதித் தந்தார். அதைக் காட்டி வேறு ஒரு வீட்டில் சேர்ந்துவிட்டேன். பால் இன்னும் வற்றவில்லை.

புட்டியை அனுப்பியது நான். அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மே மாதத்துக்குப் பிறகு ஒவ்வொரு இரவும் ஆர்தரை மடியில் போட்டுக்கொண்டு, லெட்டி இந்நேரம் தூங்கியிருப்பாள் என்று சந்தோஷப்பட்டேனே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பணம் மாதாமாதம் வரும். உன் பிள்ளைகள் பட்டினி கிடக்க வேண்டாம். ஆனால் எனக்கு எழுதாதே. எல்லோரும் நலம் என்று நீ எழுதினால், நான் எப்படி நம்புவேன்?

ஹெஸ்டர்