எண்பதும் இருபதும்

ஜூலை 9, புதன்.

 

நாற்பத்துமூன்று வயதில் டெட்லிஃப்டில், அதாவது தரையிலிருந்து இடுப்பு வரை பளுவைத் தூக்குவதில், நூறு கிலோ எடுத்தே தீர வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. இடுப்பு பிடித்துக் கிடந்தபோது, இனி தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். அந்தக் கோபம். மூன்று வாரமாக எண்பதிலேயே நிற்கிறேன். இன்று மாலை எண்பத்தைந்து போட்டேன். தரையை விட்டு அசையவே இல்லை. தாராவியில் எங்கள் சந்து ஜிம்மில், எல்லோர் முன்னாலும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

செம்பூரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்திருக்கும் கவிதா கேட்டாள். “எண்பத்தஞ்சுன்னா, பிளேட்டு மாட்டுற இரும்பு ராடையும் சேத்தா, அக்கா?”

எனக்குப் புரியவில்லை. கோச் காதர் பாய்தான் பதில் சொன்னார்.

“ராட யாரும்மா எண்ணுதா? இங்க மாட்டுற பிளேட்டு மட்டுந்தான் கணக்கு.”

“ராடே இருபது கிலோ பாய்!”

“ஆமா. அது எப்பவும் உள்ளதுதான?”

எண்பதும் இருபதும். சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். முதன்முதலாக எண்பது எடுத்த நாள், ஜூன் 17. இப்படி எழுதியிருக்கிறேன்: “எண்பதுதான் வந்தது. நூறெல்லாம் இந்த உடம்புக்கு ஆகாது போல. நல்ல மழை. துணி காயவில்லை.”

நூறு கிலோவைத் தூக்கி வைத்துவிட்டு வந்து, அன்று ஈரத் துணியை உதறிக்கொண்டு நின்றிருக்கிறேன். இந்த உடம்பு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.