பதிவேட்டு வயது

18 ஜூன் 1962, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். பத்தாம் வகுப்புக் கரும்பலகையில் கருப்பைப் படம் வரைந்தேன். தவளையின் குடலை வரைந்தால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. இதற்கு மட்டும் ஜன்னலைச் சாத்தச் சொல்லித் தலைமையாசிரியை ஆள் அனுப்பினார்கள். சாத்தவில்லை. வகுப்பில் முப்பத்திரண்டு பெண்கள். பாதிப் பேர் முதல் மாதவிலக்கில் செத்துப்போகப் போகிறோம் என்று அழுதவர்கள். யாராவது ஒருத்தி வாய்விட்டுச் சொல்லித்தானே ஆகவேண்டும்?

இடுப்பெலும்பு வளரும் முன்னே பிள்ளை பெற்றால் தாய்க்கு என்ன ஆகும் என்றும் சொன்னேன். வடிவம்மாள் எழுந்து, "எத்தனை வயசுல வளந்து முடியும் டீச்சர்?" என்று கேட்டாள். பதினெட்டாவது ஆகும் என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் தும்மினாலும் எழுதிக்கொள்வாள்.

25 ஜூன்

பிள்ளைகள் போன வருஷம் போட்ட மனு பலித்துவிட்டது. பள்ளிக்கூடக் கக்கூஸுக்கு இன்று கதவு மாட்டினார்கள். அந்த மனுவை எழுதியது வடிவுதான். குடிமைப் பயிற்சி வகுப்பில் நான் கத்திக் கத்திச் சொன்னதெல்லாம் வீண்போகவில்லை: தேதி மேலே வலது பக்கம், சுற்றி வளைக்காதே, கடைசியில் பெயரைப் போடு, பெயரில்லாத மனு குப்பைக்குப் போகும்.

9 ஜூலை

மூன்று நாள் வராத வடிவு இன்று வந்தாள். முகமெல்லாம் வீக்கம். அவளுடைய தாய்மாமன் பலவேசத்துக்கு அவளைக் கட்டிக்கொடுக்கிறார்களாம். மேலகரத்தில் அரிசி மில் வைத்திருக்கிறவர், முப்பத்திரண்டு வயது, பெண்டாட்டி செத்து வருஷம்கூடத் திரும்பவில்லை. ஆவணியில் கல்யாணம்.

"எனக்குப் பதினாலுகூட ஆகலை டீச்சர். பதினஞ்சு நிறையணும்னு சட்டம் இருக்குன்னு நீங்கதான சொன்னிய?"

"ஆமா."

"அப்ப மாஜிஸ்திரேட்டுக்கு மனு போடுதேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

10 ஜூலை

மனுவைத் திருத்திக் கொடுத்தேன். ஒரே ஒரு எழுத்துப்பிழை. பதிவுத் தபாலில் போய்விட்டது.

11 ஜூலை

சோற்றில் கை வைத்தபோதுதான் ஞாபகம் வந்தது. அப்படியே எழுந்துவிட்டேன்.

1955 ஜூன். அப்போது நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். பத்தொன்பது பிள்ளைகள்தான் இருந்தார்கள். இருபது இல்லாவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்கள், என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அன்றைக்குப் பார்த்து, பாவூர்சத்திரத்தில் கடை வைத்திருக்கும் சிவசைலம் அண்ணாச்சி மகள் வடிவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிவந்தார். ஆறரை வயது. செய்தித்தாளைக் கடகடவென்று படித்தது. ஒன்றரை வயதைக் கூட்டி எட்டு என்று எழுதி, மூன்றாம் வகுப்பில் உட்காரவைத்துவிட்டேன். பிறந்த தேதி 1-6-1947. எங்கள் பதிவேட்டில் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் செய்கிறதுதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

போன மாதம் ஒன்றாம் தேதியோடு வடிவுக்குப் பதினைந்து நிறைந்துவிட்டது. என் கையெழுத்தில்.

அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல?

2 ஆகஸ்ட்

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனிதர். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. வடிவையும் அவள் அப்பாவையும் தலைமையாசிரியை அறைக்கு வரவழைத்தார். பெண் பிள்ளைதானே என்று வீட்டில் பிறப்பைப் பதியவே இல்லையாம். "அப்ப ஸ்கூல் ரெக்கார்டுதான் சாட்சி" என்று பதிவேட்டைத் திறந்தார். தேதியைப் பார்த்தார், வடிவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது சரியா டீச்சர்? ஆளைப் பாத்தா பதினஞ்சு மாதிரித் தெரியலையே. நீங்க தப்புன்னு சொன்னா எழுதிக்கிடுதேன்."

ஒரு வார்த்தை போதும். தலைமையாசிரியை வைத்த கண் வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய்ப் பதிவு என்று ஒத்துக்கொண்டால் வேலை போகும், கேஸ் வரும். ஏழு வருஷத்துக்கு முந்தியும் இதே பயம்தான்.

"பதிவேட்டில் இருப்பதுதான் சரி" என்றேன்.

வடிவு அழவில்லை. "டீச்சர்" என்றாள். ஒரே தடவை. சிவசைலம் அண்ணாச்சி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

சீ. நானெல்லாம் ஒரு மனுஷியா?

3 ஆகஸ்ட்

வருகைப் பதிவேட்டில் வடிவின் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன்.

31 ஆகஸ்ட்

நேற்று குற்றாலம் கோயிலில் கல்யாணம். போனேன். போகாமல் இருந்தால் ஊர் ஏதாவது நினைக்குமாம்! பட்டுச்சேலைக்குள் பிள்ளையைத் தேடவேண்டியிருந்தது. மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்ல நேரத்துல கைகொடுத்திய டீச்சர்" என்றார். முப்பிடாதியம்மாள், வடிவின் அம்மா, என் இலைக்கு மட்டும் இரண்டு கரண்டி பாயசம் கூடுதலாக ஊற்றினாள். குடித்தேன்.

பிறகு எல்லாரும் அருவிக்குப் போனார்கள். தண்ணீர் அடித்த வேகத்தில் கல்யாணப்பெண் நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

24 ஜூன் 1963

இந்த வருஷம் கருப்பைப் பாடம் எடுக்கவில்லை. தலைமையாசிரியைக்கு மெத்தச் சந்தோஷம்.

22 அக்டோபர் 1963

வடிவின் தங்கை கோமதி ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். இன்று வகுப்பில் அழுதுகொண்டிருந்தாள். "அக்காவ ஆஸ்பத்திரியில சேத்திருக்கு டீச்சர்."

சாயங்காலம் போனேன். மூன்று நாள் வலியாம். பிள்ளை உள்ளேயே செத்து, ஆயுதம் போட்டு எடுத்திருக்கிறார்கள். மூத்திரப்பை கிழிந்து கசிந்துகொண்டே இருக்கிறது, நிற்குமா என்று தெரியாது என்றார் டாக்டரம்மா. போன வருஷம் நான் வகுப்பில் சொன்ன அதே வரிசையில் சொன்னார்.

நர்ஸ் சீட்டோடு வந்து வயது கேட்டாள். முப்பிடாதியம்மாள், "பதினாறு. பள்ளிக்கூட சர்டிபிகேட்டு இருக்கு" என்றாள்.

"இல்லை. இந்த ஐப்பசியில்தான் பதினைந்து" என்றேன். எங்கிருந்து வந்தது இந்த வீரம்? நர்ஸ் பதினாறு என்றே எழுதிக்கொண்டு போனாள்.

வடிவு கண்ணைத் திறந்தாள். "அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்லா டீச்சர்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

15 ஜூன் 1964, திங்கள்

மதிய இடைவேளையில் வடிவு வந்தாள். பலவேசம் அவளைத் தாய்வீட்டுக்கே அனுப்பி எட்டு மாதம் ஆகிறது. உள்ளே வரமாட்டேன் என்று வராந்தாப் படியில் பழந்துணியை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்தாள். கைகழுவ வந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடின. அவள் பார்க்காதது மாதிரி இருந்தாள்.

"மாமா இப்ப கோமதியக் கேக்குதாரு. ஆவணியிலயாம். கோமதிக்கு என்ன வயசு போட்டிருக்கிய டீச்சர்?"

பதிவேட்டைப் பார்க்கத் தேவையே இல்லை. 1957-லும் மூன்றாம் வகுப்பில் ஒரு ஆள் குறைந்திருந்தது.

"இந்த ஒண்ணாந்தேதியோட பதினஞ்சு. நிஜத்தில் பதிமூணரை."

தெரிந்ததுதான் என்பதுபோலத் தலையாட்டினாள். மடியிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினாள். "மாஜிஸ்திரேட்டுக்கு எழுதுங்க. நான் எழுதுனா செல்லாது. அதான் ஒரு தடவ பாத்தாச்சே."

தேதியை இடது பக்கம் போட்டுவிட்டேன். "வலது பக்கம் டீச்சர்" என்றாள். அடித்துவிட்டு வலது பக்கம் எழுதினேன். முதல் வாக்கியத்தை நான் இழுத்தபோது, "சுத்தி வளைக்காதிய" என்றாள். இரண்டு பிள்ளைகளுக்கும் பொய்யாக எழுதிய தேதிகள், அவை எதற்காக எழுதப்பட்டன, அதிகாரியிடம் நான் சொன்ன பொய் என்று எல்லாவற்றையும் எழுதினேன். வேலை போகும். போகட்டும் என்று தைரியமாகச் சொல்ல இப்போதும் வாய் வரவில்லை. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

"பேரு."

ரெபேக்காள் என்று கையெழுத்துப் போட்டேன். பெல் அடித்தது.

பள்ளி விட்டதும் நானே தபாலாபீசில் சேர்த்துவிடுகிறேன் என்றேன். வடிவு தாளைத் தரவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, மழையிலேயே தபாலாபீசுக்கு நடந்துபோனாள்.