எண்ணெய்த் துணிக்குள் இருந்தது

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே அப்பாவும் நானும் தினமும் சண்டை போடும் அளவுக்கு நலம். போனில் அவர் பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

உலோகம் தேடும் கருவியோடு வீட்டுப் பின்புறத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா கிடைத்தது. உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றிய இரும்புக் கட்டி, உள்ளங்கை அளவு. அதில் ஆறு குட்டிச் சக்கரங்கள், சுற்றிலும் இடவலம் மாறிய எண்கள். அமுக்கினால் ஓர் எண் நகர்கிறது. ரகசியப் பூட்டா, ராணுவச் சாமானா? கடிதத்தோடு படம் வைத்திருக்கிறேன். பட்டறையில் இருக்கும் உங்களுக்குத் தெரியாததா?

அன்புடன்,
தம்பி

மார்ச் 11

தம்பி,

உன்னோடு மாரடிக்க என்னால் முடியவில்லை. போன மாதம் கதவுக் கீலைப் படமெடுத்து அனுப்பி, வாளின் பிடியா என்றாய். இப்போது ராணுவமாம்.

மடையா, அது நம்பரிங் மெஷின். ரசீதுப் புத்தகத்தில் வரிசை எண் அடிப்பது. ஒவ்வொரு தாளுக்கும் தானாக அடுத்த எண் விழும். அப்பாவின் அச்சகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அதை நான் திருடி விற்றுவிட்டேன் என்றுதான் வேலையாட்கள் முன்னால் என்னை அறைந்து, வீட்டை விட்டுத் துரத்தினார். உனக்கு அப்போது ஆறு வயது. அடுத்த வருடமே அச்சகத்தை விற்றுவிட்டதால் உனக்கு எதுவும் ஞாபகம் இராது.

தவறி விழுந்த சாமான் தானாகத் துணியைச் சுற்றிக்கொண்டு டப்பாவுக்குள் போய்ப் படுக்குமா? அப்பாவிடம் காட்டு. நான் எடுக்கவில்லை என்று அவர் வாயால் சொல்லட்டும். இருபத்திரண்டு வருடமாக அதற்குத்தான் காத்திருக்கிறேன்.

அண்ணன்

மார்ச் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

காட்டினேன். கையில்கூட வாங்கவில்லை. "எடுத்த எடத்துலயே வைடா" என்றார். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். 

"அவன் போன இருபதாம் நாளே கெடச்சிடுச்சு. அச்செழுத்துப் பெட்டிக்குப் பின்னால விழுந்து கெடந்துச்சு. நாலு பேர் முன்னாடி அடிச்சவன், எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு பெத்த புள்ளகிட்ட போய் தப்புன்னு சொல்றது? தூக்கிப் போடவும் மனசு வரல" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். இருந்தாலும் அவருக்கு வயதாகிவிட்டது. ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள் அண்ணா.

உங்கள் தம்பி

மார்ச் 29

தம்பி,

அவருக்கு மட்டும்தான் வயதாகிறதா? எனக்கு ஆகவில்லையா? அந்த இரும்பு துருப்பிடித்துவிடக் கூடாதென்று எண்ணெய் போட்டுச் சுற்றிவைத்த மனிதருக்கு, எனக்கு ஒரு கார்டு போடத் தோன்றவில்லை. வெறும் இருபது நாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. மறதியாக நானே எங்காவது வைத்துத் தொலைத்தேனோ என்று எத்தனை வருடம் என்னையே சந்தேகப்பட்டேன் தெரியுமா?

நான் வரவில்லை. உன்மேல் எனக்குக் கோபமில்லை.

திருடன் என்று பெயர் வாங்கியதிலிருந்து, எங்கே வேலை பார்த்தாலும் சாயங்காலம் கிளம்பும்போது வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வருகிறேன். யாரும் கேட்பதில்லை. நேற்று புதிதாக வந்த வாட்ச்மேன், "உங்கள யார் சார் காட்டச் சொன்னது?" என்று கேட்டான். அங்கேயே நின்று அழுதேன்.

இதையும் அப்பாவிடம் படித்துக் காட்டு. சமாதானமாக நீ எதையும் சேர்த்துச் சொல்லாதே.

அண்ணன்