பூசை போட்ட புல்டோசர்

14 அக்., வெள்ளி

காலையில் மழை. பத்து மணிக்கு வெயில். நிலக்கரிக்கு இதுதான் ஆகாது. நனைந்து காய்ந்தால் உள்ளே சூடு பிடிக்கும். சிமென்ட் ஆலையின் மேற்குக் குவியல் நேற்று 52 டிகிரி. இன்று 59. அளவைவிட ஏறும் வேகம்தான் கவலை. பீகார் சுரங்கத்தில் இப்படியானால் அந்தப் பகுதிக்கே சுவர் வைத்துக் காற்றை அடைப்பார்கள். இங்கே அரியலூரில் வெட்டவெளி. புல்டோசர் விட்டுக் குவியலைக் கலைத்து ஆறவிட வேண்டும்.

மேனேஜரிடம் சொன்னேன். "பூசை முடியட்டும் மேடம். போன வாரந்தான் அழகா அடுக்கி வச்சிருக்கு." உயரமாக அடுக்கியதும் ஒரு காரணம் என்றேன். சிரித்தார்.

குவியலை ஒட்டித் தகரக் கொட்டகை. வாட்ச்மேன் காளியன், மனைவி, கைக்குழந்தை. வேறெங்காவது படுக்கச் சொன்னேன். "மழையில எங்கங்கம்மா போறது? வூடு கதகதப்பா இருக்குங்க. புள்ள நல்லாத் தூங்குது." விஷவாயு வரும், வாசனையே தெரியாது என்றேன். தலையாட்டினான். அவ்வளவுதான்.

வாங்க: ரவை, தீப்பெட்டி. காப்பித்தூள் இன்னும் இரண்டு பேர் அளவுக்கே வாங்குகிறேன். அவர் போய் மூன்று மாதம்.

15, சனி. ஆயுத பூசை

மூட்டம். லேபில் தராசு, குடுவை எல்லாவற்றுக்கும் சந்தனம். தெர்மாமீட்டர் சாமி படத்தின் முன், பொரித் தட்டில். நாளை வரை தொடக்கூடாதாம். எடுத்துத் துடைத்தேன். உதவியாளர் செல்வி, "மேடம்!" என்றாள். எனக்குக் குங்குமம் நீட்டுவதா வேண்டாமா என்று அதுவரை தவித்துக்கொண்டிருந்தவள்.

71. தெர்மாமீட்டர் இறக்கக் குவியலில் செருகிய குழாயின் வாயில் மண்ணெண்ணெய் மாதிரி வாடை.

மேனேஜர் திருச்சி போய்விட்டார். புல்டோசர் ஓட்டும் தானியேல், ஏலாக்குறிச்சிக்காரர், மாலை போட்ட வண்டியடியில் பொரி தின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்கென்ன, எடுக்கலாமே?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்கம்மா. வண்டி இந்துவாச்சே. நாளைக்கு ஒரு நட்டு கழண்டாலும் என் தலையிலதான் விடியும்."

"நான் எடுக்கச் சொன்னேன்னு சொல்லிடுங்க."

"ஏற்கெனவே உங்கள..." நிறுத்திக்கொண்டார். மிச்சம் தெரியும்.

கொட்டகைக்குப் போனேன். காளியன் மனைவிக்கு வாந்தி, தலைசுற்றல். "பொரி ஒத்துக்கலைங்க," என்றான் காளியன். குழந்தையைத் தூக்கினேன். துவண்டு கிடந்தது. எல்லோரையும் வெளியே அழைத்து வந்தேன். காற்றில் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுதது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோள் மட்டும் வலித்தது.

தானியேல் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிக்கு முன்னால் இருந்த எலுமிச்சம்பழத்தை நானே எடுத்துத் தள்ளி வைத்தேன். ஏறினார். மூன்றாவது வெட்டில் உள்ளே சிவப்பு. பரப்பி, மண் போட்டு மூட இருட்டிவிட்டது.

16, ஞாயிறு

நல்ல வெயில். பரப்பிய கரி 38. ஆஸ்பத்திரியில் காட்டினார்கள், குழந்தை பால் குடிக்கிறது. புல்டோசருக்கு மறுபடி பூசை. பூசையன்று வண்டியை எடுத்ததால்தான் கரி தீப்பிடித்ததாம். மேனேஜர் மறுக்கவில்லை. தானியேல், "நான் அப்பவே சொன்னேன்" என்கிறாராம்.

சாயங்காலம் காளியன் வந்தான். நன்றி சொல்லத்தான் என்று நினைத்தேன்.

"அம்மா, வூடு சில்லுன்னு ஆயிடுச்சுங்க. கிழக்கால குவியல் லேசா சுடுது. மத்தியானமே தட்டுமுட்டெல்லாம் அங்க இருக்கற கொட்டாய்க்கு மாத்திட்டேன். புள்ள தூங்குது."

கிழக்குக் குவியலை நான் இன்று அளக்கவில்லை.