நேராக்காத கால்

செப். 8, திங்கள்

பெரம்பலூரில் காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவதாக இல்லை. மாமியாரின் முழங்கால் ஸ்கேனோடு திருச்சி ஆஸ்பத்திரிக்கு. அத்தை, இவர், நான். அரியலூரிலிருந்து கொழுந்தனார் தனிக் காரில். இனி கொ.; முழுதாக எழுத மனமில்லை. சுண்ணாம்புக்கல் லாரிகளின் முதலாளி. ரோபோ ஆபரேஷன் என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று, ரோபோவை அவரே வாங்கியதுபோல.

டாக்டர் திரையில் அத்தையின் எலும்பைச் சுழற்றிக் காட்டினார். உள்பக்கம் மட்டும் தேய்மானம். அங்கு மட்டும் உலோகம். எந்த இடம், எவ்வளவு சாய்வு, எல்லாம் அவர் முடிவு. அந்த எல்லையைத் தாண்டி வெட்ட ரோபோ விடாது. அவ்வளவே.

கொ.: "அப்படியே காலையும் நேராக்கிடுங்க சார். எம்பொண்ணு கல்யாணத்துல அம்மா மேடையில நிக்கணும்."

"முழுசா நேராக்கக் கூடாதுங்க. பாரம் வெளிப்பக்கம் போயி, நல்லா இருக்கிறதும் தேஞ்சிடும். கொஞ்சம் வளைவ விட்டுத்தான் வைப்பேன்."

"என் லாரிக்கே அலைன்மென்ட் பாத்தா நேரா வந்துடுது. ரோபோவால முடியலியா?"

டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அத்தைக்கு என்ன வேலை என்று கேட்டார் டாக்டர். கொ. முந்திக்கொண்டார்: "எங்கம்மாவா? உக்காந்த எடத்துல சாப்பாடு சார்." அத்தையின் நகத்தில் வேப்பந்தட்டைக் காட்டு மண்.

"வெங்காயக் காட்டுல குத்தவச்சே கெடப்பாங்க டாக்டர்," என்றேன்.

"அண்ணி, மானத்த வாங்காதீங்க."

டாக்டர் குறித்துக்கொண்டார். இனி காட்டில் முக்காலி போட்டுத்தான் உட்கார வேண்டுமாம்.

செப். 9, செவ்வாய்

குழாயில் தண்ணீர் இல்லை. மாவு புளித்துவிட்டது. கொ. போன். சென்னையில் முழங்கால் மூட்டு முழுவதையும் மாற்றி நேராக்கித் தருவார்களாம், நாளையே கூட்டிப்போகிறாராம். மேடையில் ஒரு போட்டோவுக்காக நல்ல எலும்பையும் வெட்டி எறிய வேண்டுமாம். இவர், "தம்பி சொல்றதும்..." என்று இழுத்தார். இவர் ஒரு வாக்கியத்தை முடித்து நான் கேட்டதில்லை.

ஸ்பீக்கரில் போட்டு அத்தை முன் வைத்தேன். கால் அவருடையது. இதுவரை ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

"ஏன்டா, இந்தக் காலோடதான ஒன்ன இடுப்புல சொமந்தேன். அப்ப இறங்கி ஓட வேண்டியதுதான? நல்ல எலும்புல எவனும் கை வைக்கக் கூடாது. அந்த டாக்டரே செய்யட்டும்."

லைன் கட்.

வெறுப்பில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வியாழன் ஆபரேஷன். ஏதாவது ஆனால் நான் ஸ்பீக்கரில் போட்டதுதான் காரணம் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைப்பேன்.

செப். 12, வெள்ளி

தூறல். ஆபரேஷன் நேற்று நல்லபடியாக. இன்று வாக்கரைப் பிடித்து நின்றார் அத்தை. நான்கு எட்டு நடந்தார். "குத்துற வலி இல்லடி. தையல் வலிதான்."

கொ. வந்தார். ஆப்பிள், கூலிங்கிளாஸ், செல்போன். முதலில் பார்த்தது முகத்தையல்ல, காலை.

"என்னம்மா, ரோபோ வச்சும் வளைஞ்சேதான் இருக்கு. நைட்டிய நல்லா எறக்கி வுடு, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

அத்தை ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நைட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கினார்.

"இப்ப எடுடா."

கொ. எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.