வாளியாக நடிக்க மறுத்தவர்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும். போனில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவீர்கள், பதிலுக்கு நான் கத்துவேன். நேற்று அப்படித்தான் ஆயிற்று. கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது. உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் வீட்டு விஷயம். எங்கள் பள்ளியில் ஒரு மாதம் தங்கிப் பிள்ளைகளோடு நாடகம் செய்ய ஒரு பெண் வந்திருக்கிறாள் என்று சொன்னேன் அல்லவா, அவளுக்கு வேறு இடம் அமையாததால் நம் முன்னறையைக் கொடுத்துவிட்டேன். நல்ல பெண், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறாள். காலையில் குளியலறையில் புலி, ஓநாய் என்று குரல் பயிற்சி செய்வதுதான் கொஞ்சம் தொல்லை. பக்கத்து வீட்டம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்துவிட்டாரா என்று கேட்டார். இல்லை, அது ஓநாய் என்றேன்.

அவள் பிள்ளைகளுக்கு வசனம் எழுதிக் கொடுப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் தினமும் பார்ப்பதை நடித்துக் காட்டச் சொல்வாள். அதற்கு இரண்டு சட்டங்கள் உண்டு. பெரியவர்கள் திருத்தக் கூடாது. ஒத்திகையின்போது யார் கதவைத் திறந்து உள்ளே வந்தாலும் அவருக்கு ஒரு வேடம் உண்டு, சும்மா நின்று வேடிக்கை பார்க்க முடியாது. மணியடிக்கும் அண்ணன் மரமானார். தபால்காரர் குதிரையானார். தலைமையாசிரியை ஆகிய நான் கொசு.

பிள்ளைகள் எதை நடித்தார்கள் தெரியுமா? மூன்றாம் வகுப்புக் கூரையை. அது ஒழுகுகிறது என்று நான் எழுதிப் போட்ட மனுக்களை அடுக்கினால் கூரையையே முட்டும். ஒன்றும் நடக்கவில்லை. யாராவது பெரிய மனிதர் வருவதாக இருந்தால் மட்டும் கல்வி அதிகாரியிடமிருந்து போன் வரும், அந்த அறையைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளை ஐந்தாம் வகுப்பின் பின்னால் உட்கார வையுங்கள் என்று. நாடகத்தில் நாலு பிள்ளைகள் மழைத்துளி, ஒருத்தன் அதிகாரி. அண்ணாந்து பார்ப்பான், கண்ணிலேயே சொட்டும், துடைத்துக்கொண்டு "பிரமாதம்" என்பான்.

போன செவ்வாய்க்கிழமை நிஜ அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஒத்திகை அறையின் கதவைத் திறந்தார். முன்பல் விழுந்த மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடிப்போய் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு மரியாதையாகவே சொன்னாள்: "சார், நீங்க வாளி. கையை வட்டமா வெச்சுக்கிட்டு அசையாம உக்காருங்க. நாங்க சொட்டுவோம்."

அவளிடம் குறும்பே இல்லை, சட்டம் சட்டம்தானே. நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது என்று நீங்கள் சொல்வீர்கள். நீங்கள் அங்கே இருந்திருந்தால் உருண்டு சிரித்திருப்பீர்கள்.

அவர் உட்காரவில்லை. நாடகம் முழுவதையும் நின்றுகொண்டே பார்த்துவிட்டு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். நாடகத்தை நிறுத்திவிட்டு வரவேற்பு நடனம் வைக்க வேண்டுமாம். நாடகக்காரியை இந்த வாரமே அனுப்பிவிட வேண்டுமாம். எல்லாம் எனக்குத் தெரியாமல் நடந்தது என்று ஒரு வரி எழுதித் தர வேண்டுமாம். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார். "உங்க வீட்டுக்காரர் ஊருக்கு நீங்க கேட்ட டிரான்ஸ்பர் என் மேசையிலதான் இருக்கு. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"எனக்குத் தெரிஞ்சுதான் சார் நடந்துச்சு. மாசக் கடைசி சனிக்கிழமை ஊர் முன்னாடியும் நடக்கும்" என்றேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

ஒரு வரி எழுதினால் கை உடைந்துவிடுமா என்று நேற்றுக் கேட்டீர்கள். உடையாதுதான். ஆனால் அதிகாரி போன பிறகு அந்தப் பல் விழுந்த பெண் என்னிடம் வந்து, "பெரிய டீச்சர், அவருக்கு வாளி புடிக்கலையா? வேற குடுத்திருக்கணுமா?" என்று கேட்டாள். நீ கொடுத்ததுதான் சரி என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அப்புறம் எந்தக் கையால் எழுதுவது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் மறைத்துக்கொள்ளட்டும். ஒழுகுவது அவள் தலையில் அல்லவா விழுகிறது.

உங்களோடு இருக்க எனக்கு ஆசை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். விடுமுறைக்கு விடுமுறை குடும்பம் நடத்தி அலுத்துவிட்டது. உங்கள் துறைமுக ஊர் வீட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலைத் துணிகூட எடுத்து வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் அதை மடியில் வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன். மறுநாள் ஒத்திகைக்குப் போய் மறுபடியும் கொசுவானேன். அந்தத் துணி இப்போது மேடைத் திரையாகத் தைக்கப்படுகிறது.

பாட்டு டீச்சர் பயந்துபோய் விடுப்பு எடுத்துவிட்டார். மற்றவர்கள் என்னோடு நிற்கிறார்கள். பெற்றோர்கள் பெஞ்சு கொண்டுவருகிறார்கள். அதிகாரிக்கும் அழைப்பிதழ் அனுப்பியாகிவிட்டது, முதல் வரிசையில் இடம் போட்டு. வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும்.

மாற்றல் இனி வராது, அது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். நம் இரண்டு பேரில் ஒருவர் மூட்டை கட்ட வேண்டுமென்றால் அது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் எழுதி வைத்தது? அங்கே கப்பலுக்கு வெல்டிங் வைக்கிற கைக்கு இங்கே பட்டறையா இல்லை?

உங்களுக்குக் கோபம் இருக்கும், இருக்கட்டும். அதைக் கடிதத்தில் எழுத வேண்டாம், போனிலும் வேண்டாம். சனிக்கிழமைக்கு முன்னால் வந்து நேரிலேயே திட்டுங்கள். வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்கிறேன். திட்டி முடித்ததும் உங்கள் பெட்டியைத் திறந்து, சட்டைகளை அலமாரியில் அடுக்கி வையுங்கள்.

வழியில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருந்தாத,
உங்கள் மனைவி